மாலை போடுவதற்கென்று ஒரு படம்

பேசிக்கொண்டே மாடியேறி வருவார்கள். ஸ்டூலில் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். சென்னைப் புறநகரான அஸ்தினாபுரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் எனக்கு இது அன்றாடக் காட்சி. கீழே டீக்கடையில் நின்று ஊர்வம்பு பேசி, படியேறும்போது போனில் சத்தம் போட்டுச் சிரித்து, உள்ளே வந்ததும் 'ஏசி நல்லா இருக்கே மேடம்' என்று பாராட்டியவர்தான், கேமராவைக் கண்டதும் ஆதார் அட்டையாகிவிடுவார். கழுத்து உள்ளே போய்விடும். தோள் இரண்டும் காதைத் தொடப் பார்க்கும். கண்கள் மட்டும், ஊசியோடு வரும் நர்ஸைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கும்.

எனக்குப் பொறுமை குறைவு. என் வீட்டில் யாரைக் கேட்டாலும் இதை விளக்கமாகச் சொல்வார்கள். ஆனால் ஸ்டூலில் இருப்பவர் மேல் எரிந்து விழுந்தால் முகம் இன்னும் இறுகிப்போகும், வேலை எனக்குத்தான் கூடும். அதனால் கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்துக் கூட வந்தவர்கள் மேல் காட்டுவேன். அவர்களுக்கு அது தகும். பின்னால் நின்றுகொண்டு 'சிரிடா, நேச்சுரலா சிரி, உனக்குச் சிரிக்கவே தெரியாதா' என்று கத்துவது அவர்கள்தான். இயல்பாகச் சிரி என்று உத்தரவு போட்டால் எந்த மனிதனும் பல்லைத்தான் காட்டுவான்.

பதினெட்டு வயதில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்யாணங்களுக்குப் போக ஆரம்பித்தேன். 'போட்டோகிராபர் எங்கம்மா, இன்னும் வரலையா?' என்று என்னிடமே வந்து கேட்பார்கள். அப்போதிலிருந்து கற்றுக்கொண்டதில் சில வழிகள் கைவசம் உண்டு. 'ரெடியா?' என்ற சொல்லை என் ஸ்டுடியோவில் சொல்லமாட்டேன். சொன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். காலையில் என்ன டிபன் என்று கேட்பேன். உப்புமா என்று சொல்பவர் முகத்தில்கூட ஏதோ ஒரு உணர்ச்சி வரும். முக்கியமாக, கைக்கு ஏதாவது வேலை கொடுப்பேன். ஒரு ஆட்டோக்கார அண்ணன் வந்தார். உட்கார்ந்து கையைத் தொடை மேல் வைத்தார், கட்டிப் பார்த்தார், தொங்கவிட்டார், கடைசியில் என்னிடமே முறையிட்டார்.

"யக்கா, இந்தக் கைய இன்னா பண்றது? வூட்ல அது பாட்டுக்குக் கீது. இங்க வந்து பேஜார் பண்ணுதே!"

அவர் சட்டைப் பையிலிருந்த ஆட்டோ சாவியை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மறுநிமிடம் மனிதர் சவாரிக்குக் காத்திருப்பவர்போல் சௌகரியமாகச் சாய்ந்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலான வழி, லைட் டெஸ்ட். "இது படம் இல்ல சார், வெளிச்சம் சரியா இருக்கான்னு பாக்கறேன், நீங்க பாட்டுக்கு உக்காந்திருங்க" என்பேன். படம் இல்லை என்றதும் தோள் கீழே இறங்கும். மூக்கைச் சொறிவார்கள், கூட வந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். நான் எடுத்துக்கொண்டே இருப்பேன். பிறகு, 'இப்ப எடுக்கறேன்' என்று சொல்லி மரியாதைக்குச் சில படங்கள் எடுப்பேன். அவற்றை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. லைட் டெஸ்ட்டில் எடுத்ததைக் காட்டியதும், 'பார்த்தீங்களா, கடைசில வந்துடுச்சு' என்று தங்களையே தட்டிக்கொடுத்துக்கொண்டு போவார்கள். இது ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் ஒருமுறை தங்கள் வாக்காளர் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசலாம்.

இந்த வித்தையெல்லாம் ஒருவரிடம் பலிக்காமல் போனது. அவர் எங்கள் ஏரியாக்காரர்தான். அரசு அலுவலகமொன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லி, உயரம், கைக்கடிகாரத்தை இன்னமும் கழற்றாதவர். காலையில் இன்னொரு பெரியவரோடு ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போவதைப் பார்த்திருக்கிறேன். அன்று தனியாக, ஒரு மஞ்சப்பையோடு மாடியேறி வந்தார். பையிலிருந்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையை எடுத்தார். போட்டிருந்த சட்டைக்கு என்ன குறை என்று கேட்டேன்.

"இதைப் போட்டுக்கிட்டு வெளிய கிளம்பினா வீட்ல எங்கன்னு கேப்பாங்க. பல்பு வாங்கப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

எனக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. மனைவிக்குத் தெரியாமல் இந்த வயதில் போட்டோ எடுத்துக்கொள்கிறார் என்றால் விஷயம் இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கா, விசாவுக்கா என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன். அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"நான் போனப்புறம் மாலை போடுவாங்க இல்ல, அந்தப் படத்துக்கு."

உடம்புக்கு ஏதாவது என்று பதறிப்போய்க் கேட்டேன். ஒன்றும் இல்லையாம். சர்க்கரைகூட இல்லையாம். கூட நடக்க வருவாரே அந்த நண்பர், போன மாதம் போய்விட்டாராம். அந்தக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எங்கள் தெருமுனையிலும் ஒட்டியிருந்தது. நான் சரியாகப் பார்க்கவில்லை. இவர் பார்த்திருக்கிறார்.

"அவன் வாழ்க்கைல இஸ்திரி போடாத சட்டை போட்டதில்ல மேடம். வீட்ல ஒரு நல்ல போட்டோ இல்ல. அவசரத்துக்கு யாரோ கல்யாணத்துல எடுத்த க்ரூப் போட்டோலயிருந்து வெட்டிப் போட்டுட்டாங்க. பந்தில உக்காந்திருக்கான். கண்ணு பாதி மூடியிருக்கு. வாய்ல ஏதோ இருக்கு. அந்தப் போஸ்டர் கிழியற வரைக்கும் மென்னுக்கிட்டே இருப்பான்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"தோள்ல யாரோ கை வேற போட்டிருக்காங்க. ஆளை வெட்டிட்டாங்க, விரல் மட்டும் நிக்குது. மோதிரம் போட்ட விரல். அவன் தோள்ல கை போடற ஆள் யாருன்னு நானும் யோசிச்சுப் பாக்கறேன், எனக்குத் தெரிஞ்சு யாருமே இல்ல. தினம் அதைத் தாண்டித்தான் பால் வாங்கப் போவேன். எனக்கும் இந்தக் கதி வரக்கூடாது. பாக்கறவங்க, இது அவர்தான்னு சொல்லணும். அவ்வளவுதான்."

அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு என் பெருமையைக் காட்ட ஆரம்பித்தேன். "என்கிட்ட வந்திருந்தா அந்த விரலை ரெண்டு நிமிஷத்துல எடுத்திருப்பேன் சார். விரல் என்ன, பக்கத்துல ஒட்டி நிக்கற ஆளையே எடுத்துடலாம். தோள் மறைஞ்சிருந்தா புதுத் தோள் வந்துடும்." சொன்னதோடு நிற்காமல் கம்ப்யூட்டரில் ஒரு ரிசப்ஷன் படத்தைத் திறந்தேன். மணமக்களோடு இழைந்து நின்ற ஒரு மாமாவைச் சுற்றிக் கோடு போட்டு ஒரு தட்டு தட்டினேன். மாமா காணாமல் போனார். அவர் மறைத்திருந்த பட்டுப்புடவை முழுசாகத் தெரிந்தது.

"அவர் எங்க போனாரு?"

"போயிட்டாரு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தக் காலி இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் விளக்கைப் போட்டேன். அவ்வளவுதான், இறந்தே போய்விட்டார். நிஜமாகவே அப்படித்தான் சொல்லவேண்டும். அப்படி ஓர் அசைவில்லாத முகத்தை நான் பார்த்ததில்லை.

"சார், அதுக்கு இன்னும் நாள் இருக்கு. இப்பவே ஆரம்பிக்காதீங்க."

டிபன் கேட்டேன். "இட்லி" என்றார், மரண அறிவிப்பு மாதிரி. கையில் பிடித்துக்கொள்ள அவருடைய ஸ்கூட்டர் சாவியையே கொடுத்தேன். அதை விறைப்பாக நீட்டிப் பிடித்துக்கொண்டார். லைட் டெஸ்ட் என்றேன். முப்பது வருடம் கோப்பு பார்த்த மனிதர், "டெஸ்ட்னா எதுக்கு ஷட்டர் சத்தம் கேக்குது?" என்றார். என் தொழில் ரகசியத்தை இப்படி யாரும் நேருக்கு நேர் கேட்டதில்லை. எனக்குள் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. காட்டுவதற்குக் கூட வந்தவர்கள் யாரும் இல்லை.

"உங்களுக்கு எந்த மாதிரி முகம் வேணும் சார், அதையாவது சொல்லுங்க."

அவர் அதை ஏற்கனவே யோசித்து வைத்திருந்தார். "சிரிப்பு இருக்கணும். ஆனா சிரிக்கற மாதிரி தெரியக்கூடாது."

"ஏன், நல்லாவே சிரிச்சாத்தான் என்ன?"

"ரொம்பச் சிரிச்சா, துக்கம் கேக்க வர்றவங்க, 'பொண்டாட்டிகிட்டயிருந்து தப்பிச்ச சந்தோஷத்தைப் பாரு'ன்னு சொல்லுவாங்க. உர்ருன்னு இருந்தா, 'உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான்'னு சொல்லுவாங்க."

இதில் ஒரு நூல் கிடைத்தது. துக்கம் கேட்க யார் யாரெல்லாம் வருவார்கள் என்று கேட்டேன். சம்பிரதாயமாக ஆரம்பித்தார். பழைய ஆபீஸ்காரர்கள் வருவார்கள், நின்றுகொண்டே பென்ஷன் பற்றிப் பேசுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வருவார், செருப்பைத் தள்ளி விடுவார், திருடு போய்விடும் என்ற பயம். கீழ்க்கட்டளையிலிருந்து மச்சினன் வருவான். "எந்த வீட்டுக்குப் போனாலும் காபி இல்லையான்னு கேப்பான் மேடம். அன்னிக்கும் கேப்பான். அடுப்பு பத்தவைக்கக் கூடாதுன்னு யாராவது சொல்லுவாங்க. அப்படின்னா வெளியில வாங்கிட்டு வாங்கன்னு சொல்லுவான்." சொல்லும்போதே தோள் இறங்கியது. கை தானாகச் சாவியைச் சுற்ற ஆரம்பித்தது. உதட்டோரத்தில் ஏதோ புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. நான் கேமராவில் கண்ணை வைத்துக் காத்திருந்தேன்.

அவருடைய போன் அடித்தது. முகம் பழையபடி ஆதார் அட்டைக்குள் போய்விட்டது.

போனைத் தவறுதலாக ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். "எங்க இருக்கீங்க?" என்றது பெண்குரல்.

"குரோம்பேட்டைல. பல்பு கடைல." சொல்லும்போதே அவர் கை கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தது.

"குரோம்பேட்டைலயா? அப்ப இங்க மருந்துக்கடை வாசல்ல நிக்குதே, இது யார் ஸ்கூட்டர்?"

அவர் பதில் கண்டுபிடிப்பதற்குள் கீழே டீக்கடைக்காரரின் குரல் வந்தது. போனிலும் வந்தது, ஜன்னல் வழியாகவும் வந்தது. "சாரா? மேல ஸ்டுடியோல கீறாரும்மா. வந்து ரொம்ப நேரம் ஆவுது."

படியேறி வந்த அம்மாளுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். குள்ளம். தோளில் காய்கறிப்பை, அதிலிருந்து முருங்கைக்காய்கள் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தன. கணவரைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆதார் அப்டேட்டுக்கு" என்றார் அவர், மறுபடி கண்ணாடியைத் துடைத்தபடி.

"ஆதாருக்கா இந்தச் சட்டை? கண்ணாடியை விடுங்க. பொய் சொன்னா கண்ணாடியைத் துடைப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

நான் அவருக்கு உதவுவதாக நினைத்து, "சீனியர் சிட்டிசன் கார்டுக்கு, அக்கா" என்றேன். "நீ சும்மா இரும்மா" என்றார் அம்மாள். சும்மா இருந்தேன்.

கணவர் உண்மையைச் சொல்லிவிட்டார். போஸ்டர், மென்ற வாய், மோதிர விரல், எல்லாம். அம்மாள் பையை மெதுவாகக் கீழே வைத்தார். அபசகுனம் என்று அழுவார், இல்லாவிட்டால் என் ஸ்டுடியோவையே சபிப்பார் என்று நான் டிஷ்யூ பெட்டியைத் தேடினேன்.

"நீங்கதான் முதல்ல போறதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

"கிரைண்டர் வாங்கினதிலேர்ந்து எல்லாமே இப்படித்தான். ஐயா மட்டும் வெள்ளைச் சட்டை போட்டு ஜம்முனு தொங்குவாரு. நான் எவ கல்யாணத்துலயோ எவ கொசுவத்தையோ சரி பண்ணிக்கிட்டு குனிஞ்சு நிக்கற படத்துலயிருந்து வெட்டி எடுத்த மூஞ்சியோட தொங்கணும். அதானே?"

மனைவியின் படம் வீட்டில் எது இருக்கிறது என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. எனக்கே தெரியும், இந்த மாதிரிப் பெண்களை நான் நிறைய எடுத்திருக்கிறேன். எல்லாக் குடும்பப் படத்திலும் ஓரத்தில் நிற்பார்கள், யாருக்கோ தலை வாரிக்கொண்டிருப்பார்கள்.

"எழுந்திருங்க" என்றார் அம்மாள். பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, சாயங்காலத்துக்கு வாங்கியிருந்த மல்லிகையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கணவராவது இறந்த முகம் வைத்தார். இவர் பயந்துபோனார். இவ்வளவு நேரம் சண்டை போட்ட வாய் ஒட்டிக்கொண்டது. முந்தானையைத் தோள் வரை இழுத்து, அதன் நுனியைக் கயிறு மாதிரி முறுக்கினார். பின்னால் நின்ற கணவர் ஆரம்பித்தார். "நேச்சுரலா இரு. தோளை இறக்கு. காலைல என்ன டிபன், யோசிச்சுப் பாரு."

கடைசியில் எனக்கொரு கூட வந்தவர் கிடைத்துவிட்டார். "சார், வாயைத் திறந்தீங்கன்னா கீழ அனுப்பிடுவேன்" என்று காலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே வரியில் இறக்கினேன். அம்மாளுக்கு அது பிடித்திருந்தது. ஆனாலும் முகம் இளகவில்லை.

"தனியா உக்காந்தா ஒரு மாதிரி இருக்கும்மா. ஏதோ இப்பவே ஆயிட்ட மாதிரி. அவரையும் பக்கத்துல உக்காரச் சொல்லு."

ஸ்டூலை எடுத்துவிட்டு பெஞ்சைப் போட்டேன். உட்கார்ந்தார்கள். கணவர் உடனே ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கொஞ்சம் கேப் விட்டு உக்காரு. அப்பதான் பின்னாடி தனித்தனியா பிரிக்க முடியும். யாருக்கு முதல்ல தேவையோ அவங்களதை எடுத்துக்கலாம்."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஒரே படத்தில் இரண்டு வேலையும் முடிந்துவிடும், யார் விரலும் யார் தோளிலும் மிஞ்சாது. ஆனால் அம்மாள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

"பிரிக்கவா?"

அவர் ஏதோ சொல்ல வந்தார். அம்மாள் காத்திருக்கவில்லை. நகர்ந்து, அவர் விட்ட இடைவெளியை அடைத்துக்கொண்டு, தன் தோளை அவர் மார்புக்கு முன்னால் கொண்டுவந்து சாய்ந்தார். கையை அவர் கைக்குள் விட்டு விரல்களைக் கோத்துக்கொண்டார். தலையிலிருந்த மல்லிகை அவருடைய வெள்ளைச் சட்டையின் காலரை மறைத்தது. கல்யாணத்தன்றுகூட இவர்கள் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவர் கையை என்ன செய்வது என்ற கேள்வி தீர்ந்துபோனது.

"இப்ப எப்படிப் பிரிக்கறாங்கன்னு பாக்கறேன்" என்றார் அம்மாள். பிறகு என்னைப் பார்த்தார். குரலில் சண்டை இல்லை. "ஏம்மா, நீ சொல்லு. இதுலயிருந்து ஒருத்தரை மட்டும் வெட்டி எடுக்க முடியுமா?"

எனக்குப் பின்னால் கம்ப்யூட்டர் திரையில் அந்த ரிசப்ஷன் படம் இன்னும் திறந்தே இருந்தது. மாமா இருந்த இடத்தில் பட்டுப்புடவை மினுங்கிக்கொண்டிருந்தது. நான் நகர்ந்து திரையை மறைத்து நின்றுகொண்டேன்.

"முடியாது" என்றார் அவர். "நீ வர்றதுக்கு முன்னாடியே கேட்டுட்டேன். இப்படி ஒட்டி உக்காந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாதாம்."

அம்மாள் தலையை உயர்த்தி அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். கண்ணாடி மூக்கின் மேல் அப்படியே இருந்தது. அதைத் துடைக்கும் கை அம்மாளின் கைக்குள் இருந்தது.

"முடியாதில்ல?"

"முடியாது."

அம்மாள் திருப்தியாகத் திரும்பி உட்கார்ந்தார். கணவரின் உதட்டோரத்தில், காலையிலிருந்து நான் காத்திருந்த அது வந்து நின்றது. நான் அழுத்தினேன்.

"எடுத்துட்டியாம்மா?" என்று கேட்டார் அம்மாள், பதற்றமாக முந்தானையைச் சரிசெய்துகொண்டு.

"இல்லக்கா" என்றேன். "லைட் டெஸ்ட்."